தழும்பில்லாத தொண்டை

முகப்பேரில் ஒரு தோல் கிளினிக்கில் என் கன்னத்து மருவை லேசரால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். சதை கருகும் வாடை மூக்கில் ஏறியதும் அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் இருந்தோம். நான் ஏழாம் வகுப்பு. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த அப்பாவுக்குக் குரல்வளையில் புற்றுநோய். லேசர் என்ற சொல்லையே அப்போதுதான் கேட்டோம். வாய் வழியாக ஒளியைச் செலுத்திக் கட்டியைச் சுட்டு எடுத்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் சொல்லி, மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அம்மா அவர் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். வெட்டும் இல்லை, தையலும் இல்லை. மூச்சில் மட்டும் கருகல் வாடை.

"கத்தி வெக்காம இன்னாடி ஆபரேசன்? லைட்டு அட்ச்சா கட்டி பூடுமா? நம்மள ஏமாத்தி அனுப்ச்சிக்கீறானுங்க" என்றாள் என்னிடம்.

இரண்டு வாரம் பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். குரல் போனதை மறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று அம்மா நினைத்தாள். தினமும் காலையில் அப்பாவை வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்ப்பாள். அப்பாவும் மறுக்காமல் திறப்பார். அவருக்கும் உள்ளூர பயம் இருந்திருக்க வேண்டும்.

கெடு முடிந்த அன்று, "சரோஜா" என்று அம்மாவைக் கூப்பிட்டார். காற்று கலந்த, மெலிந்த குரல். நான் அழுதுவிட்டேன்.

"இது அவுரு கொரல் இல்ல" என்றாள் அம்மா.

அந்தக் குரலோடு அப்பா இருபது வருடம் வாழ்ந்தார். நோய் திரும்பவே இல்லை. ஆனாலும் அவர் வாசலில் நின்று கூப்பிட்டால், "யாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா கதவைத் திறப்பாள்.