இரண்டு பிடி அரிசி

பட்டாபிராமில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா மாவு மில் நடத்தினாள். எண்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. பெரிய மில்களில் மிளகாய்க்குத் தனி மெஷின் உண்டு. எங்களிடம் இருந்தது ஒன்றுதான். அதனால் காலையில் மாவு, மூன்று மணிக்கு மேல் மிளகாய் என்று அம்மா சுவரில் கரியால் எழுதியிருந்தாள். அதை முதலில் மதிக்காதவள் எதிர்வீட்டில் இருந்த என் அத்தை, அப்பாவின் அக்கா.

ஒரு நாள் காலை பத்து மணிக்கே ஒரு கிலோ மிளகாயோடு வந்து நின்றாள். "என்கிட்டயே ரூல்ஸ் பேசுறியா? போடு." நாத்தனாரிடம் மறுத்துப் பேச அம்மாவுக்கு வராது. அரைத்துக் கொடுத்தாள்.

மிளகாய் அரைத்தால் அடுத்து இரண்டு பிடி அரிசியை மெஷினில் ஓட்ட வேண்டும். உள்ளே ஒட்டிய காரத்தை அது துடைத்துக்கொண்டு சிவப்பாக வெளியே வரும். அந்த மாவை ஒரு அலுமினியக் கிண்ணத்தில் பிடித்துவைத்து, ராத்திரி அம்மா அடை சுடுவாள். எங்கள் வீட்டில் எதையும் கொட்ட மாட்டார்கள்.

அரிசி போடுவது என் வேலை. அன்று அம்மா அத்தைக்குக் காபி போட உள்ளே போனாள். நெடியில் எனக்குத் தும்மல் தாங்கவில்லை. வெளியே ஓடிவிட்டேன்.

"போட்டியாடி?"

"போட்டேம்மா."

அடுத்து அரைபட்டது ஒரு குவார்ட்டர்ஸ் அக்காவின் கேழ்வரகு. மதுரைப் பக்கத்துக்காரர், புருஷனுக்கு ஃபேக்டரியில் வேலை. கைக்குழந்தைக்குக் கூழ் காய்ச்ச, முளைகட்டிக் காயவைத்துக் கொண்டுவந்திருந்தார்.

நான்கு மணிக்கு அவர் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அழுது அழுது அதற்குக் குரல் கம்மியிருந்தது. உதடு சிவந்திருந்தது. மில்லில் ஐந்தாறு பேர் காத்திருந்தார்கள்.

"நீங்களே ஒரு வாய் போட்டுப் பாருங்க. நீங்களும் பிள்ள பெத்தவங்கதான?"

அம்மா ஒரு சிட்டிகை வாயில் போட்டாள். என்னை ஒரு முறை பார்த்தாள். "என் தப்புதாம்மா. வேற கேழ்வரகு வாங்கி அரைச்சுத் தரேன்."

"வேணாங்க. இனி உங்க மெஷினே வேணாம்."

வரிசையில் ஒருவன், "இன்னாக்கா, மாவு மில்லுனு போர்டு வெச்சிகினு மசாலா கட நடத்துறியா?" என்றான். சிரித்தார்கள். இரண்டு பேர் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அத்தை எதிரே தன் வீட்டு வாசலில்தான் நின்றிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் இன்றும் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் நான் இருந்த இருப்பைப் பற்றியும்தான்.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா வாசலிலேயே ஆரம்பித்தார். "ரோடு பூரா உன் பேச்சுதான். இன்னொரு கம்ப்ளைண்ட் வந்துது, மெஷின எடைக்குப் போட்ருவேன்."

"நான்தான் கவனிக்கல" என்றாள் அம்மா. பிறகு அலுமினியக் கிண்ணத்தை எடுத்து உள்ளே பார்த்தாள். கவிழ்த்து வைத்தாள். அன்று உப்புமா. அடை இல்லையா என்று கேட்டேன். "இல்லடி" என்றாள். மனசு சரியில்லை, அதனால் சுடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு ஜனம் ரயில்வே கேட்டைத் தாண்டி வேறு மில்லுக்குப் போனது. டப்பாவோடு சைக்கிளில் போகிறவர்கள் எங்கள் வாசல் வந்ததும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். அம்மா தினமும் பெல்ட்டைத் துடைத்துவிட்டு ஸ்டூலில் தனியாக உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மெஷின் சத்தம் கேட்டது. ஆள் வந்துவிட்டார்கள் என்று ஓடினேன். யாரும் இல்லை. எங்கள் ரேஷன் அரிசியை அரைத்துக்கொண்டிருந்தாள். கடை நடக்கிறது என்று தெருவுக்குத் தெரிய வேண்டுமாம். அந்த மாதம் பூராவும் கொழுக்கட்டை தின்றோம்.

எனக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, அவங்கள நீ திருப்பித் திட்டவே இல்ல?"

"திட்டினா கேழ்வரகுல காரம் போயிடுமா?"

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். மிளகாய் அரைத்த பிறகு யார் வந்தாலும் அம்மா அவர்கள் கையிலேயே அரிசியைக் கொடுத்தாள். "நீங்களே போடுங்க. அப்புறம் அரைக்கலாம்." குவார்ட்டர்ஸ் அக்கா மட்டும் கடைசிவரை வரவில்லை. மில் மூடாமல் தப்பித்தது.

என்னை அம்மா அந்த வேலைக்கு மறுபடி கூப்பிடவே இல்லை. தும்முகிற பிள்ளை என்று இரக்கப்பட்டு விட்டுவிட்டாள் என்று நினைத்து, சந்தோஷமாகப் பாண்டி விளையாடப் போனேன். அன்றைக்குக் கிண்ணம் காலியாக இருந்ததை அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். அப்போது புரிந்தது அவளுக்கு மட்டும்தான்.