பையில் வைக்காத பெட்டரி

உயர்தரம் படிக்கும்போது பன்வில தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்கு பௌதிகவியல் டியூஷனுக்குப் போவேன். யுத்த காலம். வழியில் ஆமிக்காரர்கள் எங்களை இறக்கிப் பைகளைக் கொட்டிப் பார்ப்பார்கள்.

தொடராக இணைத்த இரண்டு பல்புகளில் ஒன்றைக் குறுக்கே வயர் போட்டு அணைத்தால் மற்றதற்கு என்ன ஆகும் என்றொரு கணக்கு. விடை தெரியும், கண்ணால் பார்க்கத்தான் ஆசை. பல்புகளைச் சிநேகிதி கொண்டுவருவதாகச் சொன்னாள். டோர்ச்சிலிருந்த பெட்டரிகளையும் கொஞ்சம் வயரையும் நான் பையில் வைத்தேன்.

அம்மா பார்த்துவிட்டார். “தமிழ்ப் புள்ள பையில வயரும் பெட்டரியும் இருந்தா ஆமிக்காரன் என்னா நெனப்பான்? பாடம்னு சொன்னா நம்புவானா?” பெட்டரிகள் டோர்ச்சுக்குத் திரும்பின. வயர் அடுப்புக்குப் போனது.

‘மற்றது கூடுதலாக ஒளிரும்’ என்று பரீட்சையில் எழுதினேன். சரியான விடைதான்.

இப்போது அதே கணக்கைப் படிப்பிக்கிறேன். “டீச்சர், ஒருக்கா செஞ்சு காட்டுங்களேன்” என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். நேரமில்லை என்று எரிந்து விழுகிறேன். யுத்தம் முடிந்துவிட்டது, பஸ்ஸில் யாரும் பையைத் திறப்பதில்லை, எனக்கும் தெரியும். ஆனாலும் கரும்பலகையில் ஒரு நீளக் கோடும் ஒரு குட்டைக் கோடும் போட்டு, இதுதான் பெட்டரி என்கிறேன். என் பையில் சோக் மட்டும்தான் இருக்கிறது.