நாலாம் நம்பர் பிரஸ்ஸில் இருந்த கை

பத்தாவதோடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி. கார்களுக்குத் தகட்டுப் பாகங்கள் அடிப்போம். இரண்டாயிரத்து இரண்டு வாக்கில், நாலாம் நம்பர் பிரஸ்ஸை ஓட்டிய ராமநாதபுரத்துப் பாண்டிக்கு இரண்டு விரல் போனது. அவர் ஊருக்குத் திரும்பிவிட்டார். அடுத்த மாதம் முதலாளி அந்த பிரஸ்ஸுக்கு சென்சார் வைத்தார். தகட்டை வைத்து அடிக்கும் அச்சு, அதாவது டை, அதற்கு இரண்டு பக்கமும் மஞ்சள் கம்பம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளி. பிரஸ் இறங்கும்போது கை குறுக்கே போனால் அப்படியே நின்றுவிடும்.

வைத்த வாரமே, யார் கையும் போகாமல் அது நிற்க ஆரம்பித்தது.

"ஆளுதான் ஊருக்குப் போயிட்டாரு. வெரலு இங்கதானே கீது," என்றார் எங்கள் லைனில் மூத்த ஆபரேட்டர் தனசேகர். யாரும் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பூஜையில் கம்பம் முழுக்கக் குங்குமம் பூசினோம். அதற்குப் பிறகு இன்னும் அதிகமாக நின்றது. டார்கெட் விழுந்தது. கன்ட்ரோல் பெட்டியில் ஒரு சாவி உண்டு; திருப்பினால் சென்சார் வேலை செய்யாது. தனசேகர் திருப்பினார். சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காததுபோல் போனார்.

ஒரு நாள் மத்தியானம் தனசேகரை வேறு பிரஸ்ஸுக்கு மாற்றினார்கள். நாலாம் நம்பர் எனக்கு வந்தது. கம்பத்தின் கண்ணாடியில் குங்குமமும் ஆயிலும் அப்பியிருந்தன. பனியன் வேஸ்ட்டால் துடைத்து, சென்சாரை ஆன் செய்தேன். நிற்காமல் ஓடியது. இடது கை தகட்டை வைக்கும், வலது கை எடுக்கும், கால் பெடலை மிதித்தால் பிரஸ் இறங்கும். முந்நூறு பீஸ் போயிருக்கும்.

திடீரென்று பிரஸ் பாதியில் நின்றது. டைக்குள் குனிந்து பார்த்தேன். உள்ளே ஒரு கை இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது என் இடது கை என்று புரிந்தது. எப்போது போனது என்று தெரியவில்லை. கால் பெடலை முழுசாக மிதித்துக்கொண்டிருந்தது.

டீ டைமில் எல்லார் முன்னாலும் சொன்னேன். "கண்ணாடியைத் துடைச்சா போதும்ணே. சாவியைத் திருப்பாதீங்க. கை நம்மளக் கேட்டுப் போறதில்ல."

"இன்னாப்பா, பாண்டி ஒன் கையை இஸ்துகினு போயிட்டாரா?" என்று தனசேகர் சிரித்தார். "போய் மந்திரிச்சிக்க. இருவது வருசமா என் கை என்னைக் கேட்டுத்தான் போவுது."

கை போவது கைக்காரனுக்குத் தெரியாது. அன்று நான் கற்றது அதுதான். அதை நேரில் பார்க்காதவருக்குச் சொல்லிப் புரியவைக்க எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் தனசேகர் நாலாம் நம்பருக்கே திரும்பி வந்து, சாவியைத் திருப்பிவிட்டு ஓட்டினார். டார்கெட்டுக்கு மேலேயே வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சூப்பர்வைசர் லைனுக்கே போண்டா வாங்கிக் கொடுத்தார். நானும் ஒன்று சாப்பிட்டேன்.