சாவி கொடுக்கவில்லை, டீச்சர்

போன வருஷம் ஆடி மாதம், சாரல் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை காலை நடந்தது இது. மேலப்பாளையத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. வீடு திருநெல்வேலி டவுணில். தினமும் டவுண் பஸ்தான்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எனக்குக் 'கடுகு டீச்சர்' என்று பெயர். பிள்ளைகள் வைத்தது. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அடிக்க மாட்டேன், ஆனால் முகம் எப்போதும் வெடித்துக்கொண்டே இருக்கும். என்ன செய்ய, பிறவி முகம் அப்படி.

அந்த வாரம் பிரசன்ட் பெர்ஃபெக்ட் டென்ஸ் நடத்த வேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமையே போர்டு நிறைய ஹேவ், ஹேஸ் எல்லாம் எழுதிப் போட்டு விளக்கிப் பார்த்தேன். பிள்ளைகள் என்னையே பார்த்தார்கள். நானும் அவர்களையே பார்த்தேன். மணி அடித்ததில் இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

திங்கட்கிழமை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு அக்கா ஃபோனில் யாருக்கோ தகவல் கொடுத்துக்கொண்டே வந்தார். பஸ் ஏறியாச்சு. சீட்டு கிடைச்சாச்சு. ஆத்துப் பாலம் தாண்டியாச்சு. எனக்குப் பொறி தட்டியது. அடடா, இதைத்தானே நான் வெள்ளிக்கிழமை தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன்! 'ஆச்சு' என்று சொல்லாத வீடு நம்மூரில் உண்டா?

வகுப்புக்குள் நுழைந்ததும் போர்டு பக்கமே போகவில்லை. காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன ஆச்சு, ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள் என்றேன். குளிச்சாச்சு, ஓதிட்டு வந்தாச்சு, இட்லி தின்னாச்சு என்று கிளம்பிவிட்டார்கள். ஒவ்வொன்றையும் இங்கிலீஷில் மாற்றினோம். ஐ ஹேவ் ஈட்டன் இட்லி. ஐ ஹேவ் காம்ப்ட் மை ஹேர். கடைசி வரிசை வரை கை தூக்கினார்கள். எப்போதும் வாயைத் திறக்காத ஒரு பெண் பிள்ளைகூட எழுந்து, "ஐ ஹேவ் லாக்ட் த டோர்" என்றாள். பிரமாதம் என்று கைதட்டச் சொன்னேன்.

அடுத்து, இன்னும் ஆகாதது என்ன, அதைச் சொல்லுங்கள் என்றேன். ஹேவ் நாட். முதல் பெஞ்சுப் பையன் துள்ளி எழுந்து, "ஐ ஹேவ் நாட் டேக்கன் பாத், டீச்சர்" என்றான். சற்று முன்புதான் குளிச்சாச்சு என்று சொன்னவன்! "அப்பம் முதல்ல சொன்னது என்னலே?" என்று கேட்டேன். "அது நேத்து, டீச்சர்" என்றான். வகுப்பே கொல்லென்று சிரித்தது. என்னாலும் அடக்க முடியவில்லை. கண்ணில் நீர் வரச் சிரித்தேன். கடுகு டீச்சர் சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளைகள் இன்னும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் கதவு பூட்டிய பிள்ளை மறுபடி எழுந்து நின்றாள். "ஐ ஹேவ் நாட்" என்றாள். அதற்கு மேல் வரவில்லை.  சொல் தெரியாமல் தடுமாறுகிறாள் என்று நினைத்து, தமிழில் சொல்லுட்டி, நான் மாற்றித் தருகிறேன் என்றேன்.

"சாவி குடுக்கல டீச்சர்" என்றாள். யூனிஃபார்ம் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து நீட்டினாள். நீட்டியவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

பக்கத்தில் கூப்பிட்டுக் கேட்டேன். அவளுடைய உம்மா பீடி சுற்றுகிறவர். வாப்பா சவூதியில். சுற்றிய பீடியைக் கடையில் கொடுத்துவிட்டு வர உம்மா காலையிலேயே போய்விட்டார். தம்பி தூங்குகிறான், வெளியே பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போ, நான் உடனே வந்துவிடுவேன் என்று இவளிடம் சொல்லியிருக்கிறார். இவள் போனபோது மாமி வீட்டில் கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், பதில் இல்லை. அதற்குள் கூட்டாளிப் பிள்ளைகள் வந்து கூப்பிட, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு பேசியபடியே வந்துவிட்டாள். தம்பிக்கு இன்னும் இரண்டு வயதுகூட ஆகவில்லை.

 பிள்ளைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிவிட்டு, அவளையும் இழுத்துக்கொண்டு தலைமை ஆசிரியை அறைக்கு ஓடி, பதிவேட்டில் அவளுடைய உம்மாவின் நம்பரைப் பார்த்து, என் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அடித்தேன். நெடுநேரம் மணி போனது. பிறகு யாரோ எடுத்தார்கள்.

"வாப்பா" என்றது ஒரு சின்னக் குரல்.

உம்மா ஃபோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தினமும் ஃபோனில் வாப்பா முகத்தைப் பார்த்துப் பழகிய குழந்தை, மணி அடித்ததும் தடவி எடுத்துவிட்டது. தொடர்ந்து இருமினான். துப்புகிற சத்தம். பிறகு மறுபடி இருமல். என்ன தின்கிறான் என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. "டீச்சர், தூளு தட்டு கீழயே இருக்கு" என்று அலறினாள். உம்மா பீடி சுற்றும் தட்டு. அதில் புகையிலைத் தூள்.

வகுப்பைத் தலைமை ஆசிரியை பார்த்துக்கொண்டார். வாசலில் நின்ற ஆட்டோவில் அவளை ஏற்றிக்கொண்டு விரட்டினோம். ஓட்டுகிற அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தைதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் ஃபோனை அவள் காதில் வைத்தேன். "தின்னாத தம்பி. லாத்தா வந்துட்டேன். துப்பு, துப்பு" என்று அழாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். லாத்தா என்றால் அவர்கள் வீட்டில் அக்கா. எனக்குத்தான் அழுகை வந்தது. தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். நடுநடுவே அவள் ஓதியது எதுவோ, அதையும் சேர்த்து முணுமுணுத்தேன்.

தெரு முனையிலேயே கூட்டம் தெரிந்தது. உம்மா அப்போதுதான் வந்திருக்கிறார். அன்றைக்குப் பார்த்துப் பீடிக் கடையில் நேரமாகிவிட்டதாம். மாமி வீடு இன்னும் சாத்தியிருக்கிறது. சாவி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. உள்ளே பிள்ளை இருமுகிறது. ஒருவர் கடப்பாரையோடு ஓடி வந்துகொண்டிருந்தார். நான் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய், அவள் தந்த சாவியால் பூட்டைத் திறந்தேன்.

தட்டு கவிழ்ந்து கிடந்தது. நடுவில் குழந்தை உட்கார்ந்திருந்தான். வாயைச் சுற்றித் தூள், கன்னமெல்லாம் எச்சில், முகம் வெளுத்துப்போயிருந்தது. உம்மா பாய்ந்து தூக்கி, விரலை விட்டு வாயைத் துடைத்தார். தூக்கிய வேகத்தில் அவர் தோள் மேலேயே வாந்தி எடுத்தான். "யா அல்லாஹ், எம் பிள்ள" என்று அந்தப் பெண் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதே ஆட்டோவில் எல்லோரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் பார்த்துவிட்டு, வாந்தியிலேயே முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது, சாயங்காலம் வரை இங்கேயே இருக்கட்டும், பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "இன்னும் கொஞ்சம் போயிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும் டீச்சர்" என்றார். நான் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

பயம் தெளிந்தால் அடுத்து வருவது கோபம்தானே. உம்மா மகள் பக்கம் திரும்பினார். அடி விழப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைக் காப்பாற்ற ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். இன்றைக்குச் சீக்கிரம் வரச் சொல்லி நான்தான் அவசரப்படுத்தினேன், அதில் மறந்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தேன். நான் வாயெடுக்கும் முன்னே அவளே போய் உம்மா முன்னால் நின்றாள்.

"நாந்தான் உம்மா குடுக்கல. மறந்துட்டேன்."

முதுகில் ஓங்கி ஒன்று விழுந்தது. அடித்த கையாலேயே உம்மா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதார்கள். "தட்ட மேல தூக்கி வைக்காதது நாந்தானட்டி" என்று உம்மா சொல்லிச் சொல்லி அழுதார்.

மறுநாள் பள்ளியில் எனக்கு ஏகப்பட்ட பாராட்டு. டீச்சரால்தான் பிள்ளை பிழைத்தது என்று தெருவே பேசியது. உம்மா ஒரு டப்பா நிறைய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வட்டிலப்பம் செய்து கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பெருமையோடுதான் இடைவேளையில் அவளைக் கூப்பிட்டு, "இத்தன பேரு முன்னால எந்திரிச்சுச் சொன்னியே, உனக்குப் பயமா இல்லையாட்டி?" என்று கேட்டேன். நல்ல பிள்ளை என்று தட்டிக்கொடுக்கத்தான் கேட்டேன்.

 தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"லாக்ட் த டோர்னு சொன்னப்பமே எனக்கு ஞாபகம் வந்துட்டு டீச்சர். சொல்லத்தான் பயமா இருந்துச்சு. பெறவு நீங்க சிரிச்சீங்க. அதான் சொன்னேன்."

சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.  குளிக்காத பையன் ஒருவன் சிரிக்க வைக்காமல் போயிருந்தால், என் முகத்துக்குப் பயந்து அவள் சாவியைப் பையிலேயே வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பாள். எவ்வளவு நேரம் அந்தக் குழந்தையின் உயிர் என் முகத்தை நம்பி நின்றதோ! பிறவி முகத்தை மாற்ற முடியாது. ஆனால் வகுப்பு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அந்தக் கடுகடுப்பையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் உள்ளே போகிறேன், எந்தப் பிள்ளை எதைச் சொல்ல முடியாமல் உட்கார்ந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும்.