கம்பி வேண்டாம், தாங்கினால் போதும்

வாங்க வந்தவர் பொருளின் பெயரைச் சொல்லாமலும், விற்பவர் வாங்க வந்தவரின் முகத்தைப் பார்க்காமலும் நடக்கிற ஒரே வியாபாரம் எங்களுடைய உள்ளாடை வியாபாரம்தான். பழங்காநத்தத்துச் சந்தடிக்குள் சின்னதாக ஒரு கடை. முன்பக்கம் கல்லாவில் நான். பனியன், ஜட்டி, துண்டு, கைக்குட்டை எல்லாம் என் இலாகா. உள்ளே ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் என் மனைவி சரோஜாவின் ராஜ்ஜியம். அங்கே எனக்கு விசா கிடையாது. ஆகவே இங்கே எழுதுவதில் பாதி நான் பார்த்தது, பாதி சரோஜா சொன்னது, அதற்கும் மேலே இருப்பது என் சொந்தச் சரக்கு.

கடை வாசலில் வண்டியை ஆஃப் பண்ணாமல் காத்திருக்கும் கணவன்மார்களே, சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாக முதுகுக் கொக்கியை அவிழ்த்து மூச்சு விடும் தாய்மார்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். பட்டவர்களுக்குத்தான் இது புரியும்.

படிக்காமல் வந்த பரீட்சை

சமயநல்லூரிலிருந்து ஒருவர் வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. முதலில் இரண்டு கைக்குட்டை வாங்கினார். பிறகு ஒரு துண்டு. பிறகு கூரையில் இருந்த ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "வீட்ல ஒண்ணு கேட்டாங்கண்ணே" என்றார். எங்கள் தொழிலில் 'ஒண்ணு' என்றால் அதுதான். "சைஸ் என்ன?" என்றேன். "கொஞ்சம் பெருசுண்ணே." "எம்புட்டுப் பெருசு?" மனிதர் ஃபேனை விட்டுவிட்டு டியூப் லைட்டைப் பார்க்க ஆரம்பித்தார்.

சரி, வீட்டுக்கே போன் போடுங்கள் என்றேன். போட்டார். ஹெல்மெட்டுக்குள் போன் நுழையாததால் ஸ்பீக்கரில் போட்டார். "சைஸ் கேக்குறாங்க" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, "இம்புட்டு வருசமா ஒரே வீட்ல இருக்கீங்க, அது தெரியாதா?" என்று அந்தப் பக்கம் வெடித்தது. கடையில் இருந்த நாலு பேரும் ஒரே சமயத்தில் பனியன் அட்டைகளைப் படிக்கத் தொடங்கினோம். அவர் போனை அணைத்து, ஹெல்மெட் கண்ணாடியையும் இறக்கிக்கொண்டார். "அவளையே கூட்டிட்டு வாரேண்ணே. இந்தப் பரீட்சைக்கு நான் படிக்கல."

டீச்சரின் இரண்டு கைகள்

கிரேஸ் டீச்சர் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். கனத்த மார்பு. வாரம் முழுக்கக் கரும்பலகைக்குக் கை தூக்குவார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்குவார். தொல்லை அங்கேதான். கை மேலே போனால் உள்ளாடையின் பின்பட்டியும் முதுகில் மேலே ஏறும். பின்னால் ஏறினால் முன்னால் இறங்கும். பாரமெல்லாம் தோள்பட்டியில் விழும். சபை மொத்தமும் பின்னால் உட்கார்ந்திருக்க, பாட்டுக்கு நடுவில் ஒரு கையை இறக்கிப் பட்டியை இழுத்து விட வேண்டும். அவர் கை இறங்கினால் ஆண் குரல்கள் நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து நின்றுவிடுமாம்.

மார்புக்கு அடியில் வளைந்த கம்பி வைத்துத் தைத்ததைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மூச்சை இழுத்துப் பாடும்போது விலாவில் குத்துகிறது. தோளில் பட்டி அழுத்திய பள்ளம் விரல் வைக்கிற ஆழம் என்று சரோஜா பிற்பாடு சொன்னாள். அந்தத் தோளோடு ஒரு மனுஷி சிரித்துக்கொண்டே கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்தபோது சாப்பாட்டை மூடி வைத்துவிட்டேன்.

"கம்பி வேண்டாம் அக்கா, தாங்கினா போதும்" என்று சரோஜாவிடம் கேட்டார். கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்குள் கிடைக்காவிட்டால் குழுவை கீபோர்டு வாசிக்கும் சாமுவேல் சாரிடம் ஒப்படைத்துவிடப் போகிறாராம். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து நடத்திவரும் குழு. போகும்போது கல்லா முன்னால் ஒரு நிமிஷம் நின்றார். "பாட்ட நடத்துறதா, பட்டிய இழுத்து விடுறதான்னு ரெண்டுல ஒண்ணத்தான் செய்ய முடியுது ஐயா. பாட்ட விட்டுட்டா தோள் மிச்சம். ஆனா தோள மட்டும் வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

கம்பியின் பெருமை

எங்களுக்குச் சரக்குப் போடும் ஏஜெண்ட் தம்பியிடம் பெரிய சைஸில் கம்பியில்லாதது கேட்டேன். "கம்பி இல்லாம பெரிய சைஸ் நிக்காது சார்" என்றான். கம்பியின் கெடுதலை அவனுக்கு விளக்க நான் ஒரு உண்மைச் சம்பவத்தைச் சொன்னேன். உண்மை என்று நான் சொல்கிறேன். சரோஜா வேறு சொல்வாள்.

ஆரப்பாளையத்தில் பஸ் ஏறிய ஒரு அம்மாவுக்கு நெரிசலில் துணி கிழிந்து கம்பி வெளியே வந்துவிட்டது. குத்துப்பட்ட கோபத்தில் அதை உருவிக் கையில் பிடித்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துப் பின்வாசல் கதவின் தாழ்ப்பாள் கழன்று விழுந்தது. கண்டக்டர் பரபரவென்று வந்தார், அம்மா கையில் இருந்ததை என்ன ஏது என்று கேட்காமல் வாங்கினார், கதவை இழுத்துக் கட்டினார். பஸ் திண்டுக்கல் போய்த் திரும்பியது, கதவு அசையவில்லை. டிப்போவில் மெக்கானிக் பார்த்துவிட்டு, தாழ்ப்பாளே வேண்டாம் என்று அப்படியே விட்டுவிட்டார். "இப்பச் சொல்லு, அப்படிப்பட்ட சாமானையா ஒரு பொம்பளை நெஞ்சுல வச்சுக் கட்டுறது?" என்று கேட்டேன். அவன் அசரவில்லை. "ஒரு பஸ்ஸையே தாங்கியிருக்கு. இதவிடக் கம்பிக்கு என்ன சார் சர்ட்டிபிகேட்டு வேணும்?"

எழுத்து மதுரைக்கு வருவதில்லை

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். இறுக்கமாக இருந்தால் அடுத்த நம்பர் வாங்குவது. அதுவும் பத்தவில்லையா, அதற்கு அடுத்த நம்பர். கடைக்காரர்களும் அதையே எடுத்துப் போடுவோம். போட்டுப் பார்க்கவும் விடுவதில்லை. 'டிரையல் கிடையாது, திரும்பப் பெறப்படாது' என்ற போர்டு இந்தத் தெருவில் எல்லாக் கடையிலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கும். கிரேஸ் டீச்சரும் அப்படி ஏறி ஏறி நாற்பத்திநாலில் வந்து நின்றிருந்தார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் சரோஜா திரைக்குள்ளிருந்து, "ஏங்க, அந்தப் போர்டக் கழட்டிப் பரண்ல போடுங்க" என்றாள். உள்ளே இரண்டு பேரும் இஞ்ச் டேப்பும் கையுமாக ஆராய்ச்சியில் இருந்தார்கள். மார்பைச் சுற்றி அளந்தால் நாற்பத்திநாலு சரிதான். மார்புக்குக் கீழே உடம்பைச் சுற்றி அளந்தால் முப்பத்தாறுதான். டேப் இன்னொரு தடவை சுற்றியது. பிறகு டீச்சரின் குரல், கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல் தெளிவாக வந்தது. "எண்ணு உடம்பச் சுத்தி இருக்கிறதுக்கு. ஏ, பி, சிங்கிற எழுத்து முன்னால இருக்கிறதுக்கு. முப்பத்தாறுல எழுத்தக் கூட்டணும். நாம எண்ணக் கூட்டிக்கிட்டு இருக்கோம். பட்டி லூசா இருந்தா ஏறாம என்ன செய்யும்?"

முப்பத்தாறில் பெரிய எழுத்து, எஃப் போல ஒன்று வேண்டும் என்று ஏஜெண்டுக்குப் போன் போட்டேன். அவன் கொண்டு வருவது சி வரைக்கும்தானாம். மேலே உள்ள எழுத்தெல்லாம் கேட்பாரில்லை. கேட்பாரில்லாததால் கொண்டு வருவதில்லை. கொண்டு வராததால் யாரும் கேட்பதில்லை. இந்த வட்டத்துக்குள் எத்தனை பேருடைய தோள் சிக்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். அவனோ சாவகாசமாகச் சொன்னான்: "அந்த எழுத்தெல்லாம் மெட்ராஸ் தாண்டி வராது சார். அப்படியே வேணும்னா ஒரு பெட்டியா எடுங்க."

திரைக்குப் பின்னால் கேரல்

பெட்டியாகவே எடுத்தேன். சரோஜா சொன்னாள், எடுத்தேன். இதில் என் வீரம் ஒன்றுமில்லை. வந்த சரக்கைப் பார்த்ததும் எனக்குப் பாதி தைரியம் போய்விட்டது. ஜரிகையும் இல்லை, பூவும் இல்லை. அகலமான தோள்பட்டி, கீழே கெட்டியான பட்டை, பக்கவாட்டில் உயரமான துணி, முதுகில் வரிசையாகக் கொக்கி. பார்க்க ராணுவத் தளவாடம் மாதிரி இருந்தது.

டீச்சர் வந்தார். மெல்லிய ஸ்லிப்புக்கு மேலே போட்டுப் பார்க்க வைத்தாள் சரோஜா. "சும்மா நின்னு பாத்தா என்ன தெரியும்? கையத் தூக்குங்க. பாடுங்க" என்றாள். முதலில் வெட்கம், முணுமுணுப்பு. பிறகு திரைக்குள்ளிருந்து ஒரு கேரல் எழும்பியது பாருங்கள்! கண்ணாடி அலமாரி அதிர்ந்தது, தொங்கவிட்ட பனியன்கள் தாளம் போட்டன, எதிர்த்த டீக்கடையில் பாலே தானாகப் பொங்கியது. எனக்குப் பாட்டைவிட அதில் வராத ஒன்றுதான் கேட்டது. பாட்டு ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஜட்டி வாங்க வந்த ஒருவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றார். "ஸ்பீக்கர் அருமையா இருக்கேண்ணே, எந்தக் கம்பெனி?"

டெய்லர் பாயின் சந்தேகம்

கதை அங்கே முடிந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன். மறுநாளே டீச்சர் திரும்பி வந்தார், முகம் விழுந்துபோய். தாங்குகிறது, குத்தவில்லை, ஏறவில்லை. ஆனால் ஒரு ஜாக்கெட்டும் சேரவில்லை! எல்லாம் பழைய தொய்வுக்கு அளவெடுத்துத் தைத்தவை. இப்போது மார்பு இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதால் மார்புக்காக டாட் மடிப்புப் பிடித்த இடம் கீழே காற்று வாங்குகிறது, மேலே கொக்கி மாட்ட முடியவில்லை. கேரல் ஆராதனைக்குக் குழுவில் எல்லாப் பெண்களுக்கும் ஒரே நிறச் சேலை, ஒரே நிற ஜாக்கெட். பழைய உள்ளாடையையே போட்டுக்கொண்டு கடைசித் தடவையாக நடத்தி முடித்துவிடுகிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை; அன்றைக்கு வியாழக்கிழமை.

சரோஜா அந்தக் குழு ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு எங்கள் தெரு டெய்லர் பாயிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன். பாய் தலைக்கு மேலே துணி குவிந்திருந்தது. கிறிஸ்மஸ் சமயத்தில் யாரும் ஆல்டர் பண்ணும் வேலையை எடுக்க மாட்டார்கள். "பொங்கல் கழிச்சு வாங்கக்கா" என்றார். சரோஜா நகரவில்லை. நடந்ததை, நான் வாயில் வைத்துச் சொல்லத் தயங்குகிற அத்தனை வார்த்தைகளோடும் நடுத்தெருவில் நின்று சொன்னாள். நான் எதிர்ச் சுவரில் இருந்த போஸ்டரை இரண்டு முறை படித்தேன். பாய் மெஷினை நிறுத்தினார், ஜாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டாட்டைப் பிரிக்கத் தொடங்கினார். டீச்சருக்குப் பல காலமாகத் தைக்கிறவர் அவர்தான். "அப்ப நான் இத்தன நாளும் டீச்சருக்குத் தைக்கலக்கா. டீச்சர் போட்டிருந்த தப்பான சைஸுக்குத் தச்சிருக்கேன்."

கடைசி பெஞ்ச்

கேரல் ஆராதனைக்கு எங்களையும் அழைத்திருந்தார். நாங்கள் வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவர்கள், பெருமாள் கோயில்காரர்கள். எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் கடைசி பெஞ்சில் முன்னால் இருப்பவர்களைப் பார்த்து எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். எல்லாரும் பாட்டைக் கேட்டார்கள். சரோஜா பாட்டைக் கேட்கவே இல்லை. டீச்சரின் வலது தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பாட்டுக்கும் கை எழும்பியது; எழும்பியது எழும்பியபடி இருந்தது. கடைசிப் பாட்டில் ஆண் குரல்கள் நீளமாக ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. டீச்சர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, இறக்க மனமே இல்லாதவர் மாதிரி நின்றார். பக்கத்தில் சரோஜா மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண்ணில் ஏதோ விழுந்தது. ஃபேன் காற்றாக இருக்கும்.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சாமுவேல் சார் டீச்சரிடம் வந்து, அடுத்த வாரத்திலிருந்து தான் எந்தப் பாட்டில் ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்டார். நீங்கள் கீபோர்டிலேயே இருங்கள் சார், குழுவை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார் டீச்சர். அந்த மனிதருக்கு உள்ளூர நிம்மதிதான். பாவம், கை தூக்கினால் அவருக்கு நடுங்கும். "திடீர்னு எப்படி டீச்சர் மனசு மாறுச்சு? உபவாச ஜெபமா?" என்றார். டீச்சர் எங்களைப் பார்த்தார். கேக்கை விழுங்கிவிட்டு, ஜாக்கெட் தோளைத் தொடாமலேயே சொன்னார்: "ஜெபந்தான் சார். கூடவே முப்பத்தாறு, எஃப்."

நல்ல சரக்கைப் போட்டவர் அதைப் போட்டிருப்பதையே மறந்துவிடுகிறார், அதோடு விற்ற கடையையும் மறந்துவிடுகிறார் என்பதுதான் இந்தத் தொழிலில் நாங்கள் கண்ட ஒரே நஷ்டம்.