வாத்துக்கு வராத ஊர்ப்பெயர்

பாயான் லெப்பாஸில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில், கணினிச் சிப் செய்யும் கூடத்துக்குள் நுழைவதற்கு முன் எல்லாரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்பு மாட்டிக்கொள்ள வேண்டும். உடுப்பு மாற்றும் அந்தச் சின்ன அறையில் ஏர்கோன் எப்போதும் நடுங்க வைக்கும். போன வாரம் காலை ஷிப்டில் என் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி சப்பாத்தைக் கழற்றினாள். பாவம், மழையில் மோட்டார் சைக்கிளில் வந்திருப்பாள் போலும். குளிர்காற்றும் ஈரக் காலுறையும் கலந்த வாடை குப்பென்று வந்தது. மற்றவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். நான் ஆழமாக ஒருமுறை மூச்சை இழுத்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்வது? எனக்கு அது ஆங்கிலத்தின் வாடை.

ஜார்ஜ்டவுனில் நான் படித்த தமிழ்ப்பள்ளியில், கேண்டீனை ஒட்டி இருந்த சாமான் அறை ஒன்றைக் காலி செய்து கணினி அறை ஆக்கியிருந்தார்கள். தலைமையாசிரியர் அறையை விட்டால் பள்ளியில் ஏர்கோன் இருந்த ஒரே இடம் அது. தலைமையாசிரியர் அறைக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை என்பதால், எங்கள் சொர்க்கம் இதுதான். சப்பாத்தை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். ஓய்வு நேரத்தில் திடலில் ஓடி ஆடிவிட்டு வந்த கால்கள் அத்தனையும் ஜன்னல் திறக்காத ஓர் அறைக்குள் இருந்தால் எப்படி இருக்கும்? சாந்தி டீச்சர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே இரண்டு ஆண்டுகள் எங்களுக்கு ஆங்கிலப் பாடம் நடத்தினார்.

நடத்தினார் என்று சொன்னாலும், பாதிப் பாடத்தை நடத்தியது ஒரு மஞ்சள் வாத்து. அந்த மென்பொருளைத் திறந்தால் தொப்பி போட்ட வாத்து ஒன்று திரையில் ஆடி அசைந்து வரும். ஓர் ஆங்கில வாக்கியம் சொல்லும். நாம் மைக்கில் அதைத் திருப்பிச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னால் நட்சத்திரம். இல்லாவிட்டால் இறக்கையை விரித்து, "ட்ரை அகெய்ன்!" எந்த நாட்டு அம்மாள் அதற்குக் குரல் கொடுத்தாரோ, ஒரு நாளும் அந்தக் குரலில் சலிப்பு தட்டியதில்லை.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டுமானால், நான்காம் ஆண்டில் நடந்ததைச் சொல்லவேண்டும். வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கும்போது, 'கம்ஃபர்ட்டபிள்' என்ற சொல்லைக் கண்ணால் கண்டபடி 'கம் ஃபோர் டேபிள்' என்று வாசித்துவிட்டேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து என் பெயர் டேபிள். ஆங்கில வகுப்பில் என் வாய்க்கு நானே பூட்டுப் போட்டுக்கொண்டேன். கேள்வி கேட்டால் தரையைப் பார்ப்பேன். அம்மா தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். எங்கள் வீட்டில் இருந்த ஆங்கிலம் பால் டின்னில் அச்சடித்திருந்தது மட்டும்தான். கீழ்வீட்டு அக்கா வேறு அம்மாவிடம் வந்து, "தமிழ் ஸ்கூல் பிள்ளைங்க பெரிய ஸ்கூலுக்குப் போனா இங்கிலீஷ்ல வாயே தொறக்காதுங்க லா" என்று பயம் காட்டிவிட்டுப் போவார். நான் பெரிய பள்ளிக்குப் போகும்வரைகூடக் காத்திருக்கவில்லை.

கணினிகள் குறைவு, பிள்ளைகள் அதிகம். ஆகவே ஒரு கணினிக்கு இருவர். எனக்கு வாய்த்த ஜோடி ராஜேஸ். பேசாமல் இருந்தால் காய்ச்சலோ என்று சந்தேகப்பட வேண்டிய பெண். ஒரே ஹெட்போன்தான் என்பதால், ஆளுக்கு ஒரு காதாக வைத்துக்கொண்டு தலையோடு தலை ஒட்டி உட்கார்வோம். மணி அடிக்கும்போது எங்கள் இருவர் சடையும் பின்னிக்கொண்டிருக்கும்.

நான் மைக்கில் கிசுகிசுப்பாகச் சொல்வேன். ராஜேஸ் சண்டை போடுவாள். எங்கள் வாயில் 'த்ரீ' எப்போதும் 'ட்ரீ'தான். வாத்து அதை ஒப்புக்கொள்ளாது. "ஏய் வாத்து, சரியாத்தானே சொன்னேன்? ஒனக்குக் காது கேக்கல லா!" என்று அவள் திரையைத் தட்டுவாள். ஒருநாள் சண்டைக்கு நடுவே குளிர் தாங்காமல் பெரிதாக ஒரு தும்மல் போட்டாள். வாத்து நட்சத்திரம் கொடுத்துவிட்டது! அந்த வாரம் முழுவதும் வகுப்பில் எல்லாரும் தும்மிக்கொண்டிருந்தோம். சாந்தி டீச்சர் பயந்துபோய் ஏர்கோனைக் குறைத்தார். ராஜேஸ் இப்போது கோலாலம்பூரில் வழக்கறிஞர். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

ஆறாம் ஆண்டில், பல பள்ளிகள் சேர்ந்து நடத்தும் ஆங்கிலக் கதை சொல்லும் போட்டிக்கு ஆள் வேண்டும் என்றார் டீச்சர். எங்கள் பள்ளி அதில் எந்த ஆண்டும் கோப்பை தொட்டதில்லை. யாரும் கை தூக்கவில்லை. ராஜேஸ் என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

"இவ பேசுவா டீச்சர். வாத்துகிட்ட நல்லாப் பேசறா."

"அப்படியா? அப்ப ஜட்ஜையும் வாத்துன்னு நெனச்சுக்கம்மா" என்று சொல்லி டீச்சர் பெயரை எழுதிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அன்று மாலை முழுவதும் நான் ராஜேஸோடு பேசவில்லை. மறுநாள் அவளே ஒரு கதையோடு வந்து நின்றாள். பிறகு இருவரும் சேர்ந்து அதை வளர்த்தோம். தைப்பூசத்தன்று, முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலைச் சாலையில் மலைமலையாகத் தேங்காய் உடைப்பார்களே, அங்கே ஒரு குரங்கு முழுத் தேங்காய் ஒன்றைத் திருடிக்கொண்டு மரத்தில் ஏறிவிடுகிறது. திருடத் தெரிந்ததற்கு உடைக்கத் தெரியவில்லை. அதுதான் கதை.

டீச்சர் பிழை திருத்திக் கொடுத்தார். அந்த மென்பொருளில் நாம் தட்டச்சு செய்வதை வாத்து வாசித்துக் காட்டும் வசதி ஒன்று உண்டு. கதையை அடித்து, பொத்தானை அமுக்கிவிட்டு, உச்சரிப்பைப் பிடித்துக்கொள்ளக் காதைத் தீட்டி உட்கார்ந்தோம். வாத்து கம்பீரமாக ஆரம்பித்தது. "ஆன் தய்ப்யூஸம் டே, அட் தேனர்மாலே..."

ராஜேஸ் என் பக்கம் திரும்பினாள். மறுபடி அமுக்கினோம். தேனர்மாலே. முருகன், மியூரூகேன் ஆனார். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டோம்.

"ஐயோ, இதுக்கு நம்ம ஊரு பேரே வரல லா!" என்றாள் ராஜேஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஆனா பாரு, கொஞ்சமாச்சும் வெக்கப்படுதா? அது பாட்டுக்குப் போய்க்கிட்டே இருக்கு."

உண்மைதான். தேனர்மாலே என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குத் தொப்பி ஆடப் போய்க்கொண்டிருந்தது வாத்து. நான் சிரிப்பை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மைக்கை வாயருகே இழுத்து, கதையை முதலிலிருந்து கடைசிவரை என் சொந்தக் குரலில், உரக்கச் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை.

போட்டி நகரத்தின் பெரிய பள்ளி ஒன்றில். அம்மா இரவு ஷிப்ட் முடித்துத் தொழிற்சாலைச் சட்டையோடே வந்து கடைசி வரிசையில் ராஜேஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கதை நன்றாகவே போனது. குரங்கு தேங்காயைத் தன் தலையிலேயே தட்டிப் பார்த்த இடத்தில் கூட்டம் சிரித்தது. முடித்துவிட்டுக் கும்பிட்டேன். அப்போதுதான் நடுவராக இருந்த மலாய் அம்மையார், யாரும் எதிர்பாராத கேள்வி ஒன்றைக் கேட்டார். அந்த மலைக்கு ஏன் அப்படி ஒரு பெயர்?

மனப்பாடம் செய்ததில் அதற்குப் பதில் இல்லை. வாயைத் திறந்தேன்.

"பிகாஸ் காட் வாட்டர்ஃபால் தேர் லா!"

கடைத்தெரு ஆங்கிலமும் அதன் வாலில் எங்கள் ஊர் 'லா'வும் மேடையில் வந்து விழ, மண்டபம் அதிர்ந்தது. நடுவர்கள் மூவரும் சிரித்தார்கள். என்ன ஆச்சரியம், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே தொடர்ந்தேன். தண்ணீர் என்றால் இது, மலை என்றால் அது, அந்த அருவித் தண்ணீர் இப்படி வருகிறது, காவடி தூக்குகிறவர்கள் இத்தனை படி ஏறுகிறார்கள். நடுவர் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். கொஞ்சம் தடுமாறினார். "ட்ரை அகெய்ன்" என்றேன் நான், யோசிக்காமலேயே. அவர் மறுபடி சொன்னார், திருத்தமாக.

முதல் பரிசு என்று என் பெயரை அழைத்தபோது ராஜேஸ் போட்ட கூச்சலில் எனக்குப் பள்ளியின் பெயரே கேட்கவில்லை. கீழே இறங்கியதும் அம்மா முதலில் கேட்டது, "அந்த ஜட்ஜம்மா ஏன் அப்படிச் சிரிச்சாங்க?"

"லா சொல்லிட்டேன்மா."

"அதுக்கா? நாங்கள்லாம் மேனேஜர்கிட்டயே லா போட்டுத்தான் பேசறோம்" என்றார் அம்மா. அவர் கண்கள் சிவந்திருந்தன. தூக்கமில்லாததால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். எங்கள் இருவரையும் சூலியா தெருவுக்குக் கூட்டிப்போய் நாசி கண்டார் சோறு வாங்கிக் கொடுத்தார். மேசை நடுவில் கோப்பையை வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். கடைக்கார அண்ணன், கேட்காமலேயே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிவிட்டுப் போனார்.

சென்ற ஆண்டு, பழைய மாணவி என்று என்னைப் பள்ளிக்கு அழைத்திருந்தார்கள். கணினி அறை இப்போது பாலர் வகுப்பு; வாசலை மறுபக்கம் மாற்றியிருந்தார்கள். அந்த வாத்தைப் பற்றிப் புது ஆசிரியர்களிடம் விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. அந்தக் காலத்து மென்பொருள் ஓடக்கூடிய கணினிகளே இப்போது இல்லையாம். பிள்ளைகள் படிக்கட்டிலும் மரத்தடியிலும் டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் பேசுகிறார்கள். அதில் வரும் குரல், தைப்பூசம் என்று அழகாகச் சொல்கிறது. ஆங்கிலத்துக்கென்று தனி அறையும் கிடையாது, தனி நேரமும் கிடையாது.

கேண்டீனில் எனக்கு முன்னால் சின்னப் பெண் ஒருத்தி நின்றாள். "ஆன்ட்டி, ஒன் மீ கோரேங், வித்தவுட் சில்லி, ப்ளீஸ்."

"வித்தவுட் சில்லியா? அப்ப அது மீ கோரேங்கே இல்ல. நெக்ஸ்ட்!" என்றார் கேண்டீன்கார அக்கா.

அவள் விடவில்லை. ஆங்கிலத்திலேயே வாதாடி, மிளகாய் இல்லாத வறுத்த நூடுல்ஸ் தட்டோடுதான் நகர்ந்தாள். அந்த அக்காவின் முதுகுக்குப் பின்னால், எங்கள் அறைக்குப் போகும் கதவு இருந்த இடத்தை அடைத்துச் சுவர் எழுப்பி, வெள்ளை அடித்திருந்தார்கள்.