சிவப்புக் குமிழைத் தொடாதே

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

விமானப் பெட்ரோலின் வாடை ஒருமுறை சட்டையில் ஏறினால் இரண்டு சலவைக்கும் போகாது. ஃப்ளையிங் கிளப்பில் படித்த நாட்களில் என் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த வாடைதான்...

எங்கள் பயிற்சியாளருக்குச் சிக்கனம் என்றால் உயிர். ஹேங்கரிலிருந்து ரன்வே முனை வரை விமானத்தை நாங்கள் கையால்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

"எஞ்சின்ல ஓட்டிக்கினு போனா பெட்ரோல் வீண்டா. தள்ளுங்கடா, சோறு திங்கல?"

தள்ளினோம், சித்திரை வெயிலிலும்.

அதே மனிதர் மேலே ஏறியதும் பெட்ரோலைக் கொட்டுவார். உயரப் போகப் போகக் காற்று மெலியும். அதற்கேற்ப பெட்ரோலையும் குறைக்கத்தான் விமானி முன்னால் 'மிக்ஸ்ச்சர்' என்ற சிவப்புக் குமிழ் இருக்கிறது. விமானத்தின் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. அவரோ அதைத் தொடவே விடமாட்டார். எஞ்சின் சூடேறிவிடுமாம்.

கீழே வேர்வையில் மிச்சம் பிடித்தது, மேலே புகையாகப் போகும்.

என் நீண்டதூரப் பயிற்சி நாள் வந்தது. எங்கள் ஊர் நெய்வேலியின் ஏர்ஸ்டிரிப் மேல் ஒரு வட்டம் அடித்துத் திரும்புவது திட்டம். அப்பா மைன்ஸில் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு, எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் பாதிப்பேரை அழைத்துவந்து வேலியோரம் நிற்கிறார் என்று தெரியும்.

எதிர்க்காற்று. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பயிற்சியாளர் மீட்டரைப் பார்த்தார்.

"திருப்பு. பெட்ரோல் பத்தாது."

"சார், புக்ல இருக்கிற மாதிரி மிக்ஸ்ச்சரைக் குறைச்சா தாராளமாப் பத்தும் சார்..."

"கைய எடுடா. எஞ்சின் இன்னா உங்கப்பன் வூட்டுதா?"

திருப்பினேன். என் பயிற்சிக் கோப்பில் அன்று அவர் எழுதியது: 'எரிபொருள் கணக்குத் தெரியாதவர்.' அதற்குப் பிறகு தனியாகப் பறக்க எனக்கு முறையே வரவில்லை. ஒரு வருடம் மற்றவர்களுக்கு விமானம் தள்ளிக்கொடுத்துவிட்டு வெளியேறினேன்.

விமானத்தைத் திருப்பிய அந்த வாரக் கடைசியில் பஸ்ஸில் ஊர் வந்தேன். குவார்ட்டர்ஸ் கேட்டிலேயே அப்பா நின்றார். நான் வாயைத் திறக்குமுன் திருநெல்வேலிப் பேச்சில் மெதுவாகச் சொன்னார்:

"மேகம் அடைச்சுட்டு, அதான் திருப்பிட்டாவன்னு எல்லார்ட்டயும் சொல்லிருக்கேன். நீயும் அதையே சொல்லுல."

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, அண்ணாந்து பாத்துகினே நின்னோம்... எங்க தலைக்கு மேல ஒரு மேகத்தைக் காணோமே?"

"அது மேல, ரொம்ப ஒசரத்துலங்க" என்றார் அப்பா. வாழ்நாளில் ஒருமுறைகூட விமானம் ஏறாதவர்.

இன்று நான் பறப்பது ஆபீஸ் டூரில், நடு சீட்டில். என் கார்கூட லிட்டருக்கு எவ்வளவு ஓடுகிறது என்று தானே காட்டுகிறது... போன வாரம் நமது டவுன்ஷிப் குரூப்பில் ஒரு வீடியோ. அதே பயிற்சியாளர், நரைத்த தலை. 'சிறு விமானத்தில் எரிபொருள் மிச்சப்படுத்துவது எப்படி?' சிவப்புக் குமிழை மெல்ல இழுத்துக் காட்டுகிறார்! கீழே கமெண்ட்டில் நாற்பது பேர் கும்பிடு போடுகிறார்கள்.

என் பெயரோடு அவரை நாலு வார்த்தை கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ரிட்டயராகி வடலூரில் இருக்கும் அப்பா, அந்த மேகத்தை இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் என் பெயர் போட்டால் பொய்யராவது பயிற்சியாளர் அல்ல, அப்பாதான்.

பெயர் போடாமலே இங்கே பதிவிடுகிறேன்.